பச்சைத் துணி இருக்கட்டும், மொதல்ல லைட்டப் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கமுங்க,

போன வாரம் உங்க பேப்பர்ல வீட்டுலயே வீடியோ எடுக்கறதப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. பச்சைத் துணிய செவுத்துல மாட்டி, ஆப்ல ஒரு பட்டனத் தட்டுனா பச்சை மறைஞ்சு அந்த எடத்துல தாஜ்மகால் வந்துரும்ங்கற மாதிரி எழுதியிருந்தீங்க. நானும் அதே நம்பிக்கையிலதான் ரெண்டு வருசம் முன்னாடி ஆரம்பிச்சு மூணு மாசம் மண்டையப் பிச்சுக்கிட்டவன், அதனாலதான் எழுதறேன், நீளமாப் போனா வெட்டிக்கங்க.

நமக்கு பாலக்காட்டு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டுல தமிழ், பசங்க படிக்கறது தமிழ் மீடியம், ஆனா பாடம் கேரளாவோடது. தமிழ்நாட்டு பத்தாங்கிளாஸ் கணக்கு வீடியோ யூடியூப்ல கொட்டிக் கெடக்குது, எங்க புஸ்தகத்துக்கு ஒத்து வராது, எங்க பாடத்துக்கு இருக்கறது பெரும்பாலும் மலையாளம். சரி நம்ம ட்யூஷன் பசங்களுக்கு நாமளே எடுத்துரலாம், பின்னாடி பெருசா வட்டமும் தொடுகோடும் வரணும், நான் முன்னாடி நின்னு கையக் காட்டி சொல்லித் தரணும், இதான் ஆசை.

பொள்ளாச்சி போய் நல்லா பளபளன்னு கிளிப்பச்சையில சாட்டின் துணி எடுத்துட்டு வந்தேன். அங்கயே மொதல் தப்பு. சாட்டின்ல லைட்டு பட்டா அந்த எடம் வெள்ளையா மினுங்கும், வெள்ளையா இருக்கறத ஆப் பச்சைன்னு எடுத்துக்காது, என் தொடுகோட்டுக்கு நடுவுல மேகம் மாதிரி ஒரு திட்டு நின்னுச்சு. அப்பறம் மினுங்காத கெட்டி காட்டன் துணி வாங்குனேன். அதுலயும் மடிப்பு இருந்தா மடிப்புக்குள்ள நெழலு, நெழல்ல இருக்கற பச்சை வேற பச்சை. இஸ்திரி போட்டு, சுத்தியும் துணி கிளிப் போட்டு விறைப்பா இழுத்துக் கட்டணும். ஃபேன் ஓடக்கூடாது, துணி ஆடும். வேர்த்து ஊத்தும், ஆனா மைக்குல ஃபேன் சத்தம் வராதுங்கறது ஒரு லாபம்.

இதெல்லாம் செஞ்சும் வீடியோ கேவலமாத்தான் வந்துச்சு. காரணம் நான் துணிய ஒட்டி ஒரு அடியில நின்னுக்கிட்டு, மூஞ்சிக்கு நேரா ஒரே ஒரு ரிங் லைட்ட வெச்சிருந்தேன். என் நெழலு துணி மேல கருப்பா விழுந்துச்சு, துணியோட பச்சை திரும்பி என் காது, கன்னம், வெள்ளைச் சட்டை தோள்பட்டை மேல எல்லாம் அடிச்சுச்சு. எங்க ஊர்ல வெள்ளை இல்லாம வாத்தியார் ஏது சொல்லுங்க, வெள்ளைத் துணிதான் அந்தப் பச்சைய ரொம்ப இழுக்குது. ஆப்ல பச்சைய எடுக்கச் சொன்னா அது தோள்பட்டையவும் சேத்து எடுத்துருச்சு. இன்னொரு நாள் ஓணத்துக்கு எடுத்த பச்சைக்கரை வேட்டிய மறந்து கட்டிட்டு முழு ஆளா நின்னுட்டேன், கரை இருந்த எடத்துல முக்கோணம் தெரியுது, பசங்க இன்னும் அதச் சொல்லிச் சிரிக்கறாங்க.

உங்க கட்டுரைல விட்டுப்போனது இதுதான் சார். துணிக்கு வெளிச்சம் தனி, ஆளுக்கு வெளிச்சம் தனி. நான் இப்ப நாலடி எல்ஈடி ட்யூப் ரெண்ட, 20 வாட்ஸ், துணிக்கு ரெண்டு பக்கமும் செங்குத்தா கட்டையில கட்டி நிறுத்தியிருக்கேன், மேலயும் கீழயும் வெளிச்சம் ஒரே மாதிரி விழுகுது. நான் நிக்கறது துணியில இருந்து ஆறடி தள்ளி. அறை பத்துக்குப் பன்னெண்டுதான், நெல்லு மூட்டை வேற இருக்குது, அதனால துணிய ஒரு மூலையில கட்டி ஃபோன எதிர் மூலையில வெச்சு குறுக்க எடுக்கறேன். என் மூஞ்சிக்கு சைடுல இருந்து ஒரு லைட்டு, அதுக்கு முன்னாடி வெளிச்சம் மெத்துன்னு விழ பட்டர் பேப்பர், பின்னாடி மேல இருந்து சின்னதா ஒண்ணு, அது தலைமுடி ஓரத்தையும் தோளையும் தனியா பிரிச்சுக் காட்டும். துணி மேல விழற வெளிச்சம் நம்ம மேல விழறத விட அதிகமாயிரக் கூடாது, அதிகமானா மறுபடி பச்சை நம்ம மேல அடிக்கும். ஜன்னலையும் சாத்திருவேன், வெளிய முழுக்க தென்னந்தோப்பு, அதுக்குள்ள பூந்து வர்ற வெயிலே லேசா பச்சையாத்தான் இருக்கு. சரியா இருக்கான்னு பாக்க ஒரு வழி, டெஸ்ட்டுக்கு ஒரு ஃபோட்டோ எடுத்து பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கிப் பாருங்க, துணி முழுக்க ஒரே சாம்பல் கலரா இருந்தா சரி, திட்டுத் திட்டா இருந்தா லைட்ட நகத்துங்க.

ஏன் பச்சைன்னு கட்டுரைல "கண்ணுக்குக் குளிர்ச்சி"ன்னு போட்டிருந்தீங்க, அது இல்லைங்க. நம்ம தோல் கலர்ல பச்சை தூக்கலா இல்ல, அது ஒண்ணு. இன்னொண்ணு கேமராவுக்குள்ள வெளிச்சத்தப் புடிக்கற சென்சார்ல நாலு புள்ளிய எடுத்தா அதுல ரெண்டு பச்சை, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம், கோடாக் கம்பெனில இருந்த பிரைஸ் பேயருக்கு 1976ல பேட்டன்ட் கெடச்ச அமைப்பு இது, அதனால பச்சைதான் சுத்தமாப் பதிவாகும். வாழையெல கறிவேப்பிலை வெச்சு சமையல் வீடியோ எடுக்கறவங்க நீலத் துணி மாட்டிக்கங்க, இல்லைன்னா தாளிப்புல ஓட்டை விழுந்துரும்.

ஃபோன்லயும் வேலை இருக்கு. ஸ்கிரீன் முழுக்க பச்சையா இருக்கறதப் பாத்துட்டு ஃபோன் தானா கலர சரி பண்றேன்னு நம்ம மூஞ்சிய ரோஸ் கலர் ஆக்கிரும், அதனால கலர சரி பண்ற ஒயிட் பேலன்ஸ், வெளிச்சத்த கூட்டிக் கொறைக்கற எக்ஸ்போஷர் ரெண்டையும் லாக் பண்ணிருங்க. நம்ம கரண்ட்டு 50 ஹெர்ட்ஸ், ஷட்டர ஒரு செகண்டுல 50ல ஒரு பங்கு இல்ல 100ல ஒரு பங்குல வெச்சாத்தான் ட்யூப்லைட்டு மினுக்கறது வீடியோவுல வராது. அப்பறம் பொள்ளாச்சில இருக்கற மச்சான் எடிட் பண்ணித் தர்றேன்னான், வாட்ஸ்ஆப்ல சும்மா அனுப்பிட்டேன், என் தலைய சுத்தி படிக்கட்டு மாதிரி வந்துச்சு. ஃபோன் வீடியோவ சேவ் பண்றப்பவே வெளிச்சத்த புள்ளி புள்ளியா வெச்சுக்குது, கலர மட்டும் நாலு புள்ளிக்கு ஒண்ணுன்னு மிச்சம் புடிக்குது, அது மேல வாட்ஸ்ஆப்பும் ஒரு தடவ நசுக்குனா ஓரத்துல என்ன மிஞ்சும்? டாக்குமெண்டா அனுப்புங்க. ஆப் எதுன்னு சண்டையே வேண்டாம், ஃபோன்ல கைன்மாஸ்டர், கம்ப்யூட்டர்ல டாவின்சி ரிசால்வ் ஃப்ரீயாவே இருக்கு, லைவ்னா ஓபிஎஸ். லைட்டு சரியா இருந்தா எதுலயும் ரெண்டு நிமிசம்தான்.

சும்மா ஒக்காந்து பேசறதுக்கு மட்டும்னா பச்சைத் துணியே வேண்டாம்ங்கறது என் கட்சி. பின்னாடி ஏதோ சீமை லைப்ரரிய வெச்சு, தலைமுடி பாதி கரைஞ்சு போய்ப் பேசறதுக்கு, வீட்டுத் திண்ணையில தென்னமரத்தக் காட்டி எடுத்தா எவ்வளவோ தேவலை.

மொதல்ல வாங்குன அந்த சாட்டின் துணிய அக்கா பொண்ணு ஸ்கூல் டான்ஸுக்குப் பாவாடை சட்டையா தச்சுக்கிட்டா. நேத்து அதையே போட்டுக்கிட்டு வந்து, "மாமா, தலை மட்டும் ஆடற மாதிரி எடுத்துக் குடுங்க"ன்னு துணிக்கு முன்னாடி நின்னுட்டா. எடுத்துக் குடுத்தேன். ஓரம் பிசிறில்லாம சுத்தமா வந்துச்சுங்க.

இப்படிக்கு,
ஒரு ட்யூஷன் வாத்தியார்,
கொழிஞ்சாம்பாறை