பழைய எஞ்சினை விற்பதற்கு முன் கியர் கம்பியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் பதினெட்டரை அடிப் படகுகளில் பூட்டியிருக்கும் 15 குதிரை வலு டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பல, அப்பா வாங்கி மகன் ஓட்டுகிற அளவுக்குப் பழையவை. அவற்றில் ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆகாமல் போனாலோ, கியர் விழாமல் கரகரத்தாலோ, "இனி இது சரிவராது" என்ற முடிவுக்கு நாம் மிக விரைவாக வந்துவிடுகிறோம். ஸ்டார்ட் கோளாறும் கியர் கோளாறும் இரண்டு தனி வருத்தங்கள் அல்ல, பெரும்பாலும் ஒன்றிலிருந்துதான் மற்றது பிறக்கிறது என்பதை என் சொந்த எஞ்சினில் பார்த்தறிந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு ஒரு விடியற்காலை, என் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கயிறு ஒரு சாண் தூரம்கூட இழுபடவில்லை. திருத்துமிடத்தில் பார்த்தவர், பிஸ்டன் இறுகிவிட்டது, கியர் பெட்டியும் போய்விட்டது, இரண்டையும் மாற்றுவதை விட வேறு எஞ்சின் தேடுவது நல்லது என்றார். மனம் கேளாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கயிறு சுற்றியிருக்கும் மேல்தொப்பியையும் கழற்றி, பிளைவீலைக் கையால் திருப்பினேன். அது வெண்ணெய் போலச் சுற்றியது. ஆக, இறுகியிருந்தது எஞ்சின் அல்ல, கயிற்றின் பூட்டு.

கியரில் இருக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி, கியர் கைபிடியிலிருந்து மேல்தொப்பிக்கு ஒரு மெல்லிய கேபிள் போகிறது. கைபிடி நியூட்ரலில் நின்றால்தான் அது கயிற்றை விடும். அந்த விடியற்காலைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பின் சுழலியான இம்பெல்லரை மாற்றுவதற்காக, கியர் பெட்டி உள்ள கீழ்ப்பகுதியை இறக்கியிருந்தோம். திரும்பப் பூட்டும்போது கைபிடியிலிருந்து வரும் கியர் கம்பியையும் கியர் பெட்டிக்குப் போகும் கம்பியையும் இணைக்கும் நட்டு சில புரி குறைவாக ஏறியிருந்தது. அதனால் கீழே கியர் பெட்டி நியூட்ரலில் நிற்கும்போது மேலே கைபிடி சற்று முன்னால் சாய்ந்தே நின்றது, பூட்டும் விடுபடவில்லை. நட்டைச் சரியான அளவுக்கு ஏற்றி, அதன் பூட்டு நட்டை இறுக்கியதும் கயிறு வந்தது. ஒரு ஸ்பானர், அரை மணி நேரம், அவ்வளவுதான் செலவு.

இந்தத் தொல்லை வேண்டாமென்று அந்தக் கேபிளையே வெட்டிவிடுகிறவர்களை நான் அறிவேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகள் நின்று படகைத் தள்ளிவிடுகிற கரை நம்முடையது. கியரில் கிடக்கும் எஞ்சின் ஒரே இழுவையில் கிளம்பினால், படகைத் தள்ளும் விசிறி யாருடைய காலில் போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு சங்கிலித் தொடரும் உண்டு. எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரில், மெதுவோட்டத்துக்கான சிறிய எரிபொருள் துளையான ஜெட் அடைபட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகியும் தொடர்ந்து ஓடாது, அணைந்து அணைந்து போகும். ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்குப் பதிலாக நாம் மெதுவோட்ட வேகத்தைக் கூட்டும் ஐடில் திருகாணியை ஏற்றிவிடுகிறோம். எஞ்சின் அணையாமல் ஓடுகிறது, ஆனால் அந்த வேகத்தில் கியரைப் போடும் ஒவ்வொரு முறையும் உள்ளே கிளட்ச் பற்களின் முனைகள் அடிபட்டு உருள்கின்றன. ஒரு பருவம் முடியும்போது, சுமையோடு ஓடுகையில் "டக், டக்" என்று முன் கியர் தானாகவே கழன்று விழும். கியரைப் பயந்து பயந்து மெதுவாகத் தள்ளுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். ஐடிலைக் குறைத்து, ஒரே மூச்சில் உறுதியாகப் போட வேண்டும்.

மண்ணெண்ணெய் பற்றியும் ஒரு சொல். இந்த எஞ்சின்களைப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டி, நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுவதே முறை. 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிச் செலவு கூடிய பிறகு, அந்தக் கடைசி நிமிடங்களுக்கான பெற்றோலையும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம். ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். காபரேற்றரில் அது தேங்கியபடி எஞ்சினை நிறுத்தினால், மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் எத்தனை முறை இழுத்தாலும் பிளக் நனையுமே தவிர நெருப்புப் பிடிக்காது. கரை தெரியும்போதே பெற்றோலுக்கு மாற்றிவிடுங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன், நிறுத்தும் சுவிட்சின் கிளிப் இடத்தில் இருக்கிறதா, எரிபொருள் தாங்கி மூடியின் காற்றுத் துளை திறந்திருக்கிறதா, எரிபொருள் குழாயின் இறப்பர் பம்ப் அமுக்க அமுக்க இறுகுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அது இறுகாமல் தொளதொளவென்றே இருந்தால் குழாய் எங்கோ காற்றை இழுக்கக்கூடும்.

கடலடிப் பாறையான பாரில் விசிறி அடிபட்ட பிறகு எஞ்சின் இரைந்தும் படகு நகராவிட்டால், உடனே கியரைக் குற்றம் சொல்ல வேண்டாம். விசிறியின் நடுவில் இருக்கும் இறப்பர் புஷ் வழுக்கியிருக்கலாம். உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை பெயின்டால் ஒரு நேர்கோடு போட்டு, கடலில் சுமையோடு ஓடிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் கோளாறு புஷ்ஷில்தான். கியர் எண்ணெயின் கீழ்த் திருகாணியைத் திறக்கும்போது பால் போல வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீலை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை. புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியாகவே, மேல்துளையில் வழியும் வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் எஞ்சின் எடுக்காவிட்டால்தான் சிலிண்டர்களின் அமுக்கத்தை அளக்க வேண்டும். இரண்டு சிலிண்டர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், அப்போது எஞ்சினைப் பிரிப்பது நியாயம். அதை அளக்கும் மானி எங்கள் கரையில் எவரிடமும் இல்லை; காதால் கேட்டும் கயிற்றின் இழுவையை வைத்தும் தீர்ப்புச் சொல்கிறோம். ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் ஒரு மானியை வாங்கிச் சங்கக் கட்டடத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் சங்கம் அதை வாங்கினால், தொழிலுக்குப் போகாத நாட்களில் பழைய எஞ்சின் ஒன்றைக் கழற்றிப் பூட்டி இளைஞர்களுக்குக் காட்டித்தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கடற்றொழிலாளர் ஒருவர்,
பருத்தித்துறை.