தண்ணீர் வற்றட்டும், தம்பி

பெரம்பூர், சென்னை
ஐப்பசி, ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழை வந்தால் அப்பாவின் முழங்கால் வலியும் கூடவே வந்துவிடுகிறது, மற்றபடி குறை ஒன்றுமில்லை. நீ கேட்டதை வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கையெல்லாம் வெண்ணெயாக வைத்துக்கொண்டு, எந்த நிமிஷத்தில் எதைச் சொன்னேன் என்று நீ போனைத் தடவிக்கொண்டிருப்பாய், அதற்குள் அடுப்பில் இருப்பது அடிப்பிடித்துவிடும். அதனால் தாளில் எழுதுகிறேன். அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார். சமையலறையில் எங்காவது ஒட்டி வைத்துக்கொள்.

கடையில் டப்பாவில் விற்கும் அந்தக் கறி பையை (ஓவனில் சுடுகிற ஆங்கிலேயப் பலகாரம், pie) வாங்கிச் சூடாக்கிச் சாப்பிடுகிறாய், உள்ளே கறியைத் தேட வேண்டியிருக்கிறது என்று புலம்பினாயே, அதை நீயே செய்துவிடலாம். கீழே கொத்துக்கறி, மேலே உருளைக்கிழங்கு மசியல், ஓவனில் வைத்து மேல்பக்கம் சிவந்ததும் எடுப்பது. அவ்வளவுதான். ஆட்டுக்கறி போட்டால் ஷெப்பர்ட்ஸ் பை, மாட்டுக்கறி போட்டால் காட்டேஜ் பை என்று இங்கிலாந்தில், நீ இருக்கும் லீட்ஸ் ஊர்க் கடையில் எழுதியிருக்கும். செய்முறையில் பெரிய வித்தியாசம் கிடையாது. எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கு.

அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீ சிரித்தது போனில் கேட்டது. பெரம்பூரில் பிறந்து வளர்ந்துவிட்டு இப்படிக் கேட்கலாமா? ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது 1955-ல். அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பே இங்கே ரயில்வே பட்டறை வந்துவிட்டது. அதில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நம் தெருவிலேயே இருந்தன. மாடிவீட்டு ஆன்ட்டியை உனக்கு ஞாபகம் இருக்காது, நீ கைக்குழந்தையாக இருந்தபோதே அவர்கள் ஆஸ்திரேலியாவில் இருக்கும் பெர்த்துக்குக் குடிபோய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் சோறும் பால் கறியும் அவர்கள் வீட்டிலிருந்து நமக்கு வரும், நம் வீட்டு வத்தக்குழம்பு அவர்களுக்குப் போகும். (பால் கறி என்றால் பால் ஊற்றிய கறி இல்லை, கோலா உருண்டைக் குழம்பு.) கொத்துக்கறியை உருளைக்கிழங்கு மசியலுக்குள் வைத்து ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிக்கும் பொட்டேட்டோ சாப் அவர்களிடம் கற்றதுதான். அதை நீ பாட்டியிடமிருந்து ஒளித்துவைத்துத் தின்பாய். இந்தப் பையும் அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான். அதே கறி, அதே கிழங்கு. எண்ணெயில் பொரிக்காமல் தட்டில் அடுக்கிச் சுடுகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சமையல் கெட்டுப்போவதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், தண்ணீர். கிழங்கில் தண்ணீர் நின்றால் மசியல் கொழகொழவென்று ஆகும். கறியில் தண்ணீர் நின்றால் மசியல் அதில் மூழ்கும், கரண்டியில் எடுத்தால் எல்லாம் ஒன்றாகச் சரிந்து விழும். நான் கீழே சொல்வதெல்லாம் தண்ணீரை எங்கே எப்படி விரட்டுவது என்பதுதான். உப்பு, காரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

கிழங்கிலிருந்து தொடங்கு. அங்கே மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் என்று பெயர் போட்ட பாக்கெட் இருக்கும், அதை எடு. இரண்டும் மாவுக்கிழங்கு, வெந்தால் பூத்துவிடும். சின்னதாக, தோல் மெலிசாக, சார்லட் என்று விற்கிறதே, அது சாலட்டுக்கு நல்லது, மசித்தால் பிசுபிசுக்கும். இங்கே நான் மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்காகப் பார்த்து வாங்குவேன், கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டாலும் சரி. வாங்கியதை ஃபிரிட்ஜில் வைக்காதே. குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், மசியல் தித்திக்கும். இருட்டான அலமாரியில் போட்டு வை.

ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி, எல்லாத் துண்டும் ஒரே அளவாக நறுக்கு. கொதிக்கிற தண்ணீரில் போடாதே, பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு அதிலேயே கிழங்கையும் போட்டு அடுப்பை ஏற்று. கொதிநீரில் போட்டால் நடுப்பகுதி வேகும் முன்பே வெளிப்பக்கம் கரைந்துவிடும். கத்தி தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. வடிகட்டியதும் மறுபடி அதே சூடான பாத்திரத்தில் கொட்டி, சிறுதீயில் இரண்டு நிமிடம் குலுக்கு. ஆவி மேலே போகும், ஓரமெல்லாம் வெளுத்து மாவு பூத்தமாதிரி ஆகும். இதை மட்டும் தாண்டிப் போய்விடாதே, தம்பி. எல்லோரும் அவசரத்தில் விடுவது இதைத்தான்.

மசிப்பதற்கு நான் கொடுத்துவிட்ட கீரை மத்து போதும். சூடாக இருக்கும்போதே மசி. மிக்ஸி பக்கமே போகாதே, பிளேடு சுற்றினால் கிழங்கின் மாவுச்சத்து உடைந்து வெளியே வந்து போஸ்டர் ஒட்டுகிற பசையாகிவிடும், அதன் பிறகு எதுவும் செய்ய முடியாது. முதலில் 50 கிராம் வெண்ணெய், அப்புறம் சுடவைத்த பால் கொஞ்சம் கொஞ்சமாக. சாதாரண மசியலைவிடக் கெட்டியாக நிறுத்து. இதற்கு அரை டம்ளர் பால்கூட ஆகாது. உப்பு, வெள்ளை மிளகுத்தூள். ஒரு முட்டை மஞ்சள் கரு சேர்த்தால் மேலே நன்றாகச் சிவக்கும், இல்லையென்றாலும் குற்றமில்லை.

இனி கறி. அரை கிலோ பாக்கெட் வாங்கு. பாக்கெட்டிலேயே கொழுப்பு எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். உடம்புக்கு நல்லது என்று 5 சதவீதம் வாங்காதே, வறவறவென்று இருக்கும். இங்கே நான் ஆட்டுத் தொடைக்கறி வாங்கி, மிஷினில் போடாமல் கத்தியால் கொத்தித் தரச் சொல்வேன். கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முகம் சுளிப்பார், ஆனாலும் கொத்திக் கொடுப்பார். நம்மூர் வெள்ளாட்டுக்கறி குக்கரில் மூன்று விசில் விட்டால்தான் மெத்தென்று ஆகும். அங்கே கிடைக்கும் இளம் செம்மறிக்கு அதெல்லாம் வேண்டாம்.

இருப்பதிலேயே அகலமான சட்டியை நன்றாகக் காயவை. கறியை இரண்டு பங்காகப் பிரித்துப் போடு. மொத்தத்தையும் கொட்டினால் சட்டி குளிர்ந்து, கறி தண்ணீர் விட்டு அதிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். உனக்கு வேண்டியது பழுப்பு நிறம், வாசனை அதில்தான் இருக்கிறது. போட்டவுடன் கிளறாதே. ஒரு பக்கம் சிவந்த பிறகு உடைத்துவிடு. சடசடவென்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் அடங்கிச் சலசலவென்று கேட்டால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள், தீயைக் கூட்டு. மிதக்கும் கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வடித்துவிடு. சிங்க்கில் ஊற்றாதே! அந்தக் குளிரில் குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும், அப்புறம் வீட்டுக்காரரிடம் நீதான் பேச்சு வாங்க வேண்டும்.

அதே சட்டியில் இரண்டு வெங்காயம், இரண்டு கேரட், நாலு பல் பூண்டு, எல்லாம் பொடியாக. செலரி கிடைத்தால் ஒரு தண்டு. அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பை வெங்காயத்தின் ஈரமே சுரண்டி எடுத்துவிடும். வதங்கியதும் ஒரு பெரிய கரண்டி தக்காளி பேஸ்ட், பச்சை வாசனை போகப் புரட்டு. ஒரு கரண்டி மைதா தூவி ஒரு நிமிடம் வறு. கறியைத் திரும்பப் போட்டு, ஸ்டாக் க்யூப் (கறிச்சாறு சுவைக் கட்டி) கரைத்த வெந்நீர் கால் லிட்டர் ஊற்று. தண்ணீர்தான் எதிரி என்று சொல்லிவிட்டு நானே ஊற்றச் சொல்கிறேனே என்று பார்க்காதே. இது வற்றுவதற்காகவே ஊற்றும் தண்ணீர், அது வற்றும் அரை மணி நேரத்தில்தான் கறி மெத்தென்று ஆகும். பிரிஞ்சி இலை ஒன்று, கொரகொரவென்று இடித்த மிளகு ஒரு ஸ்பூன், வூஸ்டர் சாஸ் இரண்டு ஸ்பூன். அந்த பாட்டிலைத் திருப்பிப் படித்துப் பார், நெத்திலி வகை மீனும் புளியும் போட்டிருப்பார்கள். அதனால்தான் நம் நாக்குக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை. கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ளக் கூடாது. அதுதான் பதம். கடைசியில் ஒரு கை பச்சைப் பட்டாணி.

கரம் மசாலா போடலாமா என்று கேட்கப்போகிறாய். நான் போடமாட்டேன். இஞ்சி, பச்சை மிளகாய், சோம்பு எல்லாம் போட்டு இதே பையை நம்மூர் ஆட்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன், அதுவும் ருசிதான். ஆனால் மசாலா தூக்கலாகிவிட்டால் மேலே இருக்கிற வெண்ணெயும் பாலும் எங்கே போயிற்று என்றே தெரியாது. மசாலா ஆசை வந்தால் கோலா உருண்டை செய்துகொள். இதற்கு மிளகு போதும். மிளகைவிட நம்மூர்க் காரம் வேறு என்ன இருக்கிறது?

கறியை ஓவன் தட்டில் பரப்பி, கால் மணி நேரமாவது ஆறவிடு. மேலே லேசாக ஆடை கட்டும். அதன் மேல் மசியலைக் கரண்டி கரண்டியாக, முதலில் ஓரத்தைச் சுற்றி வைத்து, அப்புறம் நடுப்பக்கம் வா. ஓரம் தட்டோடு ஒட்டிவிட்டால் உள்ளே கொதிக்கும் சாறு வெளியே வராது. முள்கரண்டியால் மேலே கோடு கோடாக இழு. அந்த மேடுகள்தான் முதலில் முறுகும், உனக்குப் பிடித்ததும் அதுதானே. 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். அடியில் ஒரு தகடு வை, எப்படியும் எங்காவது ஒரு மூலையில் பொங்கும். எடுத்தவுடன் வெட்டாதே, 10 நிமிடம் பொறு.

இங்கே ஓ.டி.ஜி. (மேசை மேல் வைக்கும் சின்ன ஓவன்) வாங்குவதற்கு முன்னால் நான் எப்படிச் செய்தேன் என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கனமான தோசைக்கல் மேல் தட்டை வைத்து மூடி, மூடியின் மேல் தணலைக் கொட்டுவேன். பிரியாணி தம் போடுகிற அதே வேலைதான். நன்றாகவே சிவக்கும், மூடியைத் திறக்கும்போது சாம்பல் விழாமல் பார்த்துக்கொண்டால் சரி. நீ இதை ஃபிளாட்டில் முயற்சி செய்து தீயணைப்பு வண்டியை வரவழைத்துவிடாதே.

ஒரு தட்டு செய்தால் உனக்கு நாலு வேளைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை செய்து வை. மார்கழியில் அங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்கிறாய். வேலை முடிந்து அந்த இருட்டில் வந்து, வெங்காயம் உரிக்க யாருக்கு மனசு வரும்? ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுத்துவிடுவாய், எனக்குத் தெரியாதா. மீந்ததை வெளியே வைக்காதே, குளிர்தானே என்று அலட்சியம் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும், இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடு. மிச்சத்தை ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று ஃபிரீசரில் போடு, டப்பா மேல் தேதி எழுது. வேண்டிய நாளுக்கு முந்தின இரவு ஃபிரிட்ஜில் இறக்கி வைத்துவிட்டால், மறுநாள் நடுவில் ஆவி பறக்கும்வரை சூடாக்கினால் போதும். வெறும் கிழங்கும் கறியும் மட்டும் சாப்பிடாமல் பக்கத்தில் ஒரு கீரையோ கோஸோ வை.

அப்பா, கீழ்வீட்டுப் பாப்பா எல்லோரும் இன்று மதியம் இதைத்தான் சாப்பிட்டார்கள். அப்பா ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, மழைநாளில் அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

உன் ஓவன் குமிழைப் படம் எடுத்து அனுப்பு. விசிறி ஓடுகிற ஓவனாக இருந்தால் 200 வேண்டாம், 180 வைத்தால் போதும்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: உன்னோடு தங்கியிருக்கும் குஜராத்திப் பையனுக்கு இதே மாதிரி ஒரு சின்னத் தட்டு செய்து கொடு. கறிக்குப் பதில் தோல் நீக்காத முழு மைசூர்ப் பருப்பும், நன்றாகத் தண்ணீர் வற்ற வறுத்த காளானும். அவன் காளான் தின்பானா என்று முதலில் கேட்டுக்கொள். அவன் தட்டில் மட்டும் வூஸ்டர் சாஸை ஊற்றிவிடாதே, அதில் மீன் இருக்கிறது. துளி புளித் தண்ணீரும் சிட்டிகை வெல்லமும் போடு.