34 அங்குலம் என்றால் எந்த 34?

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 செப்டம்பர் 22 முதல் கணினி மானிட்டர்கள் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் 32 அங்குலம் வரைதான் 18. அதைத் தாண்டினால் 28. 34 அங்குல அல்ட்ராவைட் (வழக்கத்தைவிட அகலமான மானிட்டர்) அந்தக் கோட்டுக்கு இரண்டே அங்குலம் வெளியே நின்ற பாவத்துக்குப் பத்து சதவீதம் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தது. வரிக்கு முன் 30,000 ரூபாய் என்றால் அன்றைக்கு 38,400, இன்றைக்கு 35,400. பகலில் அலுவலக வேலை, ராத்திரியில் கேம் என்று ஒரே மேஜையை வைத்துச் சமாளிப்பவர்களுக்கு இந்த வளைந்த அகலத் திரை மீது ஒரு கண் இருக்கவே செய்யும். ஆனால் விளம்பரங்கள் அங்குலத்தையும் ஹெர்ட்ஸையும் (திரை நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு) மட்டும் கொட்டை எழுத்தில் போடுகின்றன. வாங்கிய பிறகு தலையில் கைவைக்க வைப்பவை பெரும்பாலும் இந்த இரண்டும் அல்ல.

34 அங்குலத்தில் இரண்டு ஜாதி உண்டு. அகலத்தில் இத்தனை, உயரத்தில் இத்தனை என்று பிக்சலை எண்ணினால் ஒன்று 2560×1080, இன்னொன்று 3440×1440. அணைத்து வைத்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். விலை குறைந்தது முதலாவது. அதில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 82 பிக்சல், மற்றதில் 110. கேம் ஓடும்போது இந்த வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். எழுத்தில் முடியாது, அதிலும் தமிழ் எழுத்தில் முடியவே முடியாது. 82 பிக்சல் திரையில் சிறிய அளவில் ரெண்டு சுழி 'ன'வும் மூணு சுழி 'ண'வும் ஒரே கறையாகத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் ஓடும் கார் பந்தய டெமோவில் இதெல்லாம் தெரியாது. பிரவுசரைத் திறந்து தங்கள் நாளிதழின் இணையப் பக்கத்தையே 100 சதவீத அளவில் வைத்து, வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து ஒரு பத்தி படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அது போதும். தவிர, உயரவாக்கில் 1080 வரிசைப் பிக்சல் என்பது சாதாரண 24 அங்குல முழு எச்டி மானிட்டரில் இருப்பதுதான். எக்செல்லில் ஒரு வரிகூடக் கூடுதலாகத் தெரியாது, பக்கவாட்டில் மட்டும் நீளும். என் கணக்கில் 34-இல் 2560×1080 வாங்கவே கூடாது. பட்ஜெட் அவ்வளவுதான் என்றால் அதே பிக்சலை 29 அங்குலத்தில் வாங்கலாம். அங்குலத்துக்கு 96 வரும். உயரம் என்னவோ 23 அங்குல மானிட்டர் அளவுதான்.

உயரத்தை யாரும் சொல்வதில்லை. 34 அங்குல அல்ட்ராவைட்டின் காட்சிப் பரப்பு சுமார் 80 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரம். சாதாரண 27 அங்குலத்தின் உயரமும் அதேதான். ஏற்கெனவே 32 அங்குலம் வைத்திருப்பவர் 34-க்கு மாறினால் திரை பெரிதாகவில்லை, 6 செ.மீ. குட்டையாகிவிட்டது என்றுதான் உணர்வார். தங்கள் நாளிதழின் இ-பேப்பரை முழுப்பக்கமாக வைத்துப் படிக்க இதைவிடப் பொருத்தமில்லாத திரை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைக்குப் போகும் முன் மேஜையை அளந்துவிட வேண்டும். பழைய செய்தித்தாள் இரண்டை ஒட்டி 80-க்கு 34 செ.மீ. அளவில் வெட்டி, திரை நிற்கப் போகும் இடத்தில் சுவரில் ஒட்டி, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணுக்கும் தாளுக்கும் இடையே 70 முதல் 80 செ.மீ. வேண்டும். பெரும்பாலான ஸ்டாண்டின் கால்கள் 25 செ.மீ.க்குக் குறையாமல் இடம் பிடிக்கும்; 60 செ.மீ. ஆழ மேஜையில் கீபோர்டு வைத்த பிறகு திரை முகத்துக்கு நேரே வந்து நிற்கும். அப்போது கேமில் மூலையில் இருக்கும் சிறு வரைபடமான மினிமேப்பைப் பார்க்கவே கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும்.

இனி வளைவு. 1000ஆர், 1500ஆர், 1800ஆர் என்பவை அந்த வளைவை முழு வட்டமாக நீட்டினால் கிடைக்கும் ஆரம், மில்லிமீட்டரில். எண் சிறியதானால் வளைவு அதிகம். 80 செ.மீ. தட்டைத் திரைக்கு 70 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால், நடுப்பகுதியைவிட ஓரம் கண்ணிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் தள்ளிப்போகும். 1800ஆர் அதை 7 செ.மீ. அளவுக்குக் குறைக்கும், 1000ஆர் 3 செ.மீ. சொச்சத்துக்கு. கண் ஒவ்வொரு தடவையும் ஃபோகஸ் மாற்ற வேண்டாம் என்பதுதான் இதில் உள்ள லாபம், மற்றதெல்லாம் அலங்காரம். நஷ்டமும் உண்டு. 1000ஆர் திரையின் நடு, ஓரங்களைவிட 8 செ.மீ. பின்னால் குழிந்திருக்கும். வீட்டு பிளான் வரைபவர், பக்க வடிவமைப்பாளர், பத்திர நகல் தட்டச்சு செய்பவர் யாருக்கும் அதில் நேர்கோடு நேராகத் தெரியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சேர்ந்து பார்க்கவும் முடியாது. முதுகுக்குப் பின்னால் டியூப் லைட் இருந்தால் அதன் பிம்பம் வளைவில் இழுபட்டு நீண்ட பட்டையாக விழும். வேலையும் விளையாட்டும் பாதிக்குப் பாதி என்றால் 1500 அல்லது 1800ஆர் போதும். 1000ஆர் ஓட்டுநர் இருக்கையிலேயே பொழுதைக் கழிக்கும் பந்தயக் கேம் ரசிகர்களுக்கு.

படம் காட்டும் பலகையான பேனலின் வகைக்கு வருகிறேன். சண்டை அதிகம் நடக்கும் இடம் இது. மலிவு விலை வளைந்த மானிட்டர்களில் பெரும்பாலும் விஏ வகைப் பேனல். பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுப்பது அதன் குணம், வளைவு அதை ஓரளவு மறைக்கிறது. கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 3000:1 அளவில் இருப்பதால் இருட்டறையில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். ஐபிஎஸ் என்ற இன்னொரு வகையில் சாதாரணமாக 1000:1, அதனால் சாம்பல் தட்டும், மூலைகளில் வெளிச்சம் கசியும். ஆனால் விலை குறைந்த விஏ பேனலில் கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாற நேரம் பிடிக்கும். சோதிக்க ஒரு சுலப வழி: டார்க் மோடில் ஒரு பக்கத்தைத் திறந்து வேகமாக மேலும் கீழும் உருட்டுங்கள். எழுத்துக்குப் பின்னால் கருநீல வால் இழுத்துக்கொண்டு வந்தால், இரவுக் காட்சி அதிகம் உள்ள கேம்களில் அதே வால் எதிரிக்குப் பின்னாலும் வரும். பெட்டியில் போட்டிருக்கும் '1 எம்எஸ்' (ஒரு மில்லிசெகண்ட்) இதற்குப் பதில் சொல்லாது; பல பெட்டிகளில் அது அசையும் படத்தின் மங்கலைச் சொல்லும் எம்பிஆர்டி என்ற வேறு அளவை. மெனுவில் நிறமாற்றத்தை வேகப்படுத்தும் ஓவர்டிரைவை உச்சத்துக்கு வைத்தால் வால் போய் வெள்ளை நிழல் வரும். நடுவில் வைப்பதே சரி.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி, 34 அங்குல அல்ட்ராவைட்டில் 2022-இல் வந்தது. கேமுக்கும் படத்துக்கும் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் நாளுக்கு எட்டு மணி நேரம் எக்செல் ரிப்பனும் டாஸ்க்பாரும் அசையாமல் நிற்கும் மேஜைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த உருவம் நாளடைவில் திரையில் தங்கிவிடக்கூடும். அதையும் மீறி வாங்குபவர் வாரன்டி அட்டையில் 'பர்ன்-இன்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடிவிட்டுப் பணம் கட்டட்டும், டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைக்கட்டும். நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடும் நல்ல பழக்கம் உண்டு. ஓஎல்இடி மானிட்டருக்கு அது ஆகாது. திரை ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் பிக்சல்களைச் சமன்செய்யும் பராமரிப்பை அது தானே ஓட்டிக்கொள்ளும். கரண்ட் இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது. இன்னொன்று, குவான்டம் டாட் வகை ஓஎல்இடி வெளிச்சமான ஹாலில் கறுப்பை ஊதா கலந்த சாம்பலாகக் காட்டும், எழுத்தின் ஓரத்தில் பச்சை, இளஞ்சிவப்பு நூல் ஓடும். விண்டோஸ் எழுத்தைச் செதுக்கும் முறை, வரிசையாக அடுக்கிய சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளுக்கானது. இங்கே அவை முக்கோணமாக நிற்கின்றன. ஜன்னல் பக்கம் மேஜை என்றால் ஐபிஎஸ் வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வெளிச்சமும் இருளும் பிரமாதமாகத் தெரியும் என்று சொல்லும் 'எச்டிஆர் 400' ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாய் கூடுதலாகத் தர வேண்டாம்.

திரைக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா? 3440×1440 என்பது கிட்டத்தட்ட 49.5 லட்சம் பிக்சல். 2560×1440-ஐவிட 34 சதவீதம் அதிகம், 4கே-யில் அறுபது சதவீதம். சாதாரண 27 அங்குலத்தில் நொடிக்கு 80 ஃபிரேம் தந்த கார்டு இதில் 60 பக்கம் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எல்லாக் கேமும் அகலத்தை நிரப்பாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வலோரன்ட் என்ற சுடும் கேம், சாதாரண மானிட்டரின் 16:9 அகல-உயர விகிதத்துக்கு மேல் பக்கவாட்டுக் காட்சியைத் தருவதில்லை. 2022-இல் வந்த எல்டன் ரிங் இரு பக்கமும் கறுப்புப் பட்டை போட்டுவிடும். பிளேஸ்டேஷன் 5-உம் அப்படித்தான்: 2022 செப்டம்பரில் 1440 வரிசை ஆதரவு வந்தது, அகலம் வரவில்லை. படம் நடுவில் 2560 பிக்சலில் நிற்க, இருபுறமும் 440 பிக்சல் காலி. எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் கன்சோலில் கோளாறு இல்லை. மானிட்டர் மெனுவில் ஆஸ்பெக்ட் என்பதை மாற்றினால் சரியாகிவிடும். வலோரன்ட்டும் கோடிங்கும் மட்டும்தான் வேலை என்பவருக்கு அல்ட்ராவைட் வீண்செலவு; நல்ல 27 அங்குலம் 1440 எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கார்டில் போடலாம்.

'165 ஹெர்ட்ஸ் வாங்கினேன், வித்தியாசமே தெரியவில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், விண்டோஸ் அதை 60-லேயே ஓட்டிக்கொண்டிருப்பது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய்க் கையால் மாற்ற வேண்டும். பட்டியலில் 165 இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். எச்டிஎம்ஐ 2.0 வழியில் இந்தத் திரைக்கு 100 ஹெர்ட்ஸ்தான் சாதாரணமாகக் கிடைக்கும். 144-க்கும் மேலேயும் டிஸ்ப்ளே போர்ட் 1.4 அல்லது எச்டிஎம்ஐ 2.1 வேண்டும். சில மானிட்டர்களின் மெனுவில் டிஸ்ப்ளே போர்ட் 1.2 என்று வைக்கப்பட்டிருக்கும், 1.4-க்கு மாற்றிவிடுங்கள். மதர்போர்டு துளையில் செருகிவிட்டு கார்டைக் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அலுவலக லேப்டாப் பழையது என்றால், எச்டிஎம்ஐ 1.4-இல் 50 அல்லது 30 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடலாம், மவுஸ் இழுத்து இழுத்துப் போகும். யுஎஸ்பி-சி துளை இருந்தாலே படம் வந்துவிடாது. அதில் படத்தையும் அனுப்பும் டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோடு இருக்க வேண்டும். மானிட்டர் வழியாகவே சார்ஜ் ஏற வேண்டுமென்றால் அது எத்தனை வாட் தருகிறது என்று பார்க்க வேண்டும், 65-க்குக் குறைவாக இருந்தால் பிரயோஜனமில்லை. வேலைக்கு ஒரு கணினி, கேமுக்கு ஒரு கணினி என்று வைத்திருப்பவர் கேவிஎம் வசதி உள்ளதைக் கேட்டு வாங்கினால் ஒரே கீபோர்டு, மவுஸ் இரண்டுக்கும் போதும்.

வேலைக்கு உட்கார்ந்ததும் புரோகிராம் ஜன்னலை முழுத்திரை ஆக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒரு வரி 80 செ.மீ. நீண்டால் அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தவறவிடும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் ஃபேன்சிசோன்ஸ் உண்டு. நடுவில் 1720 பிக்சல், இருபுறமும் 860 என்று மூன்று பத்தியாகப் பிரித்தால் நடுவில் எழுதும் கோப்பு, இடப்பக்கம் மெயில், வலப்பக்கம் பிடிஎஃப் என்று வைத்துக்கொள்ளலாம். மீட்டிங்கில் முழுத்திரையைப் பகிர வேண்டாம். எதிரில் 1366 பிக்சல் லேப்டாப்பில் பார்ப்பவருக்கு எழுத்து பத்தில் நான்கு பங்காகச் சுருங்கும். அந்த ஒரு ஜன்னலை மட்டும் பகிர்ந்தால் பிரச்சினை இல்லை.

ஸ்டாண்டுக்குப் பதில் மேஜையில் இறுக்கும் ஆர்ம் மாட்டுபவர்கள், மானிட்டரின் முதுகில் அதைத் திருகுவதற்கான 100×100 மி.மீ. வெசா துளை இருக்கிறதா, ஆர்ம் எத்தனை கிலோ தாங்கும் என்று இரண்டையும் பார்க்க வேண்டும். வளைந்த திரையின் ஓரங்கள் முன்னுக்கு வருவதால் எடையும் முன்னால் சாய்கிறது. தாங்கும் எடை மட்டுமட்டாக இருக்கும்படி வாங்கிய ஆர்ம் சில வாரத்தில் தலை குனியும். மானிட்டர் 7 கிலோ என்றால் 9 கிலோவாவது தாங்குவதை எடுங்கள். பார்ட்டிகிள் போர்டு மேஜையில் கிளாம்ப் இறுக்கினால் பலகை நொறுங்கும், மேலும் கீழும் இரும்புத் தகடு வைக்க வேண்டும். கண்ணாடி மேஜையில் வேண்டவே வேண்டாம்.

பெட்டியைப் பிரிக்கும்போது சீல் கிழிப்பதிலிருந்து திரை எரிவது வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். தூக்கும்போது முன்பக்கத்தில் கட்டைவிரல் படக் கூடாது. வளைந்த பேனல் உடைவது கீழே விழுந்து அல்ல, பெரும்பாலும் அந்த அழுத்தத்தில்தான். ஸ்டாண்டை மாட்டும்வரை திரை தெர்மகோலிலேயே கிடக்கட்டும். பிறகு கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையில் ஒவ்வொன்றாக வைத்துச் செத்த பிக்சல் தேடுங்கள். கறுப்புத் திரையை விளக்கணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மாற்றித் தரும் கெடு சில நாட்கள்தான், அதற்குள் இதையெல்லாம் முடித்துவிடுங்கள். பெட்டியையும் தெர்மகோலையும் வாரன்டி முடியும்வரை பரண்மேல் போட்டு வையுங்கள். சர்வீஸுக்கு அனுப்ப நேர்ந்தால் அந்த வளைவுக்கு வேறு எந்தப் பெட்டியும் பொருந்தாது.

இப்படிக்கு,
கணினி விற்பனை, பழுதுநீக்கத் தொழிலில் உள்ள வாசகர்,
கோயம்புத்தூர்.