புத்தகத்தில் இல்லாத படிகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதிய அறிவியல் கருத்துகளைச் சோதித்துப் பார்க்காமலே ஒதுக்குவதைப் பலர் அறிவியல் மனப்பான்மை என்று கருதுவது வருத்தம் அளிக்கிறது.

1982 ஏப்ரல் 8 அன்று, அமெரிக்காவின் தேசியத் தரநிலைப் பணியகத்தில் ஆய்வு செய்துவந்த இஸ்ரேலியர் டான் ஷெக்ட்மன், உருக்கி மிக வேகமாகக் குளிரவைத்த அலுமினியம்-மாங்கனீசு உலோகக் கலவையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, விளிம்பு விளைவுப் படத்தில் (எலக்ட்ரான்கள் அணு அடுக்குகளில் பட்டுச் சிதறிப் பதியும் படத்தில்) பத்து ஒளிப்புள்ளிகள் சம இடைவெளியில் வட்டமாக நின்றன. படிகத்தில் அணுக்கள் ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கும் என்றும், அத்தகைய அடுக்கில் பத்து மடிச் சமச்சீருக்கு, அதாவது வட்டத்தின் பத்தில் ஒரு பங்கு சுழற்றினாலும் அதே தோற்றம் தரும் அமைப்புக்கு, இடமே இல்லை என்றும் அன்றைய பாடநூல்கள் கூறின. ஆய்வுக்குழுத் தலைவர் ஒரு பாடநூலைக் கொடுத்து அவரைப் படிக்கச் சொன்னார். பின்னர் குழுவிலிருந்தே விலகச் சொன்னார். கட்டுரை அச்சேற 1984 நவம்பர் ஆயிற்று.

சாதாரணப் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்ததால் வந்த தோற்றமே அது என்று அமெரிக்க வேதியியலாளர் லினஸ் பாலிங் எழுப்பிய ஐயம், என் கருத்தில், தொடக்கத்தில் நியாயமானதே. ஆனால் பல ஆய்வகங்களின் சான்றுகள் குவிந்த பின்னும், 1994இல் மறையும்வரை, அத்தனை பெரிய மேதை தம் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியமோ 1992இலேயே இத்தகையவற்றுக்கும் இடம் தரும்படி படிகத்தின் வரையறையை மாற்றிவிட்டது. 2011இல் இந்தக் கண்டுபிடிப்புக்காக ஷெக்ட்மன் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

படிகத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், வரையறையோடு நிறுத்திவிடாமல், அந்தப் பத்துப் புள்ளிப் படத்தையும் மாணவர்களுக்குக் காட்டி, அவர்களையே எண்ணிப் பார்க்கச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், கரூர்