பின் இருக்கையில் இருந்தவளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

பிறக்கப்போகும் உன் இரட்டைக் குழந்தைகளுக்குத் தள்ளுவண்டி வாங்க, நேற்று இரவு நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். ஒரு வண்டியில் இருக்கைகள் பக்கத்தில் பக்கத்தில். இன்னொன்றில் முன்னும் பின்னுமாக. "எதை வாங்கலாம், சீக்கிரம் சொல்லுங்கப்பா" என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன்னையும் உன்னோடு இரட்டையாகப் பிறந்த தம்பியையும் வைத்து மூன்று வருஷம் இரட்டைத் தள்ளுவண்டி தள்ளியவன் நான். எனக்கு இது ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நாங்கள் வாங்கியது முன்னும் பின்னுமாக இருக்கை உள்ள வண்டி. ஒல்லியாக இருக்கிறது, கதவில் நுழையும். அவ்வளவுதான் பார்த்தோம். முன்னால் யார், பின்னால் யார் என்று அம்மாவும் நானும் பேசி முடிவு செய்யவே இல்லை, அது தானாகவே முடிவாகிவிட்டது. உன் தம்பிக்கு எதிரே சாலை தெரியவேண்டும். தெரியாவிட்டால் வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் அழ ஆரம்பித்துவிடுவான். உன்னை எங்கே உட்கார வைத்தாலும் சும்மா இருப்பாய். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அழுத பிள்ளைக்கு முன் இருக்கை கிடைத்தது.

உங்களுக்கு ஒன்றேகால் வயது இருக்கும். ஒரு சாயங்காலம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உன் தொப்பியைச் சரிசெய்யக் குனிந்தேன். உன் முகத்துக்கு நேரே இருந்தது அவன் இருக்கையின் முதுகுத் துணி. கருநீலத் துணி. ஓரத் தையலில் நாலைந்து நூல் பிரிந்து ஒரு சின்ன ஓட்டை விழுந்திருந்தது. எத்தனை நாளாக நோண்டினாயோ, உன் ஆள்காட்டி விரல் நுழைகிற அளவுக்கு ஆகியிருந்தது. அதில் விரலை விட்டு அவன் சட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தாய். அந்தப் பக்கம் அவன் நெளிய, இந்தப் பக்கம் நீ சிரித்தாய். நான் அங்கேயே மண்டி போட்டு உன் உயரத்துக்கு இறங்கிப் பார்த்தேன். துணி தெரிந்தது. துணிக்கு இரண்டு பக்கமும் ஒரு கோடு வெளிச்சம். வேறு ஒன்றும் தெரியவில்லை. ஒரு வருஷமாக நீ வெளியே வந்து பார்த்ததெல்லாம் அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து இடம் மாற்றி மாற்றி உட்கார வைத்தோம். தம்பி ஒரு வாரம் அழுதான், அப்புறம் பழகிவிட்டான். ஒரு வாரத்தில் தீர்ந்துபோகிற விஷயம். அதை ஒரு வருஷம் நான் கவனிக்காமல் விட்டேன். நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

அதனால் என் பதில் இதுதான். கதவு இடம் கொடுத்தால், பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற முதல் வண்டியை வாங்கு. இரண்டு பேருக்கும் ஒரே சாலை தெரியும். ஒருவர் கையை நீட்டினால் இன்னொருவர் கை அகப்படும். யாரைப் பின்னால் வைப்பது என்ற கேள்வியே உனக்கு எழாது.

கதவு இடம் கொடுத்தால் என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். பக்கவாட்டு வண்டிகள் பெரும்பாலும் 65 முதல் 80 சென்டிமீட்டர் வரை அகலம் இருக்கும். வீட்டுக் கதவை அளக்கும்போது நிலைக்கு நிலை அளக்காதே. கதவை முழுசாகத் திறந்து வைத்து, திறந்த கதவின் பலகைக்கும் எதிர்ப்பக்க நிலைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார். பலகையின் தடிமனே மூன்று நாலு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். வாசலோடு விட்டுவிடாமல் லிஃப்ட் கதவையும், லிஃப்ட்டின் உள்ளே எவ்வளவு நீளம் என்பதையும் அள. நீ மாதா மாதம் போகும் டாக்டர் அறைக் கதவையும் ஒரு தடவை பார்த்துக்கொள். வண்டியில் அளக்கவேண்டியது இருக்கையின் அகலம் இல்லை. பின் சக்கரங்கள் இரண்டின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளக்கவேண்டும். பல வண்டிகளில் அதுதான் அகலமான இடம். கதவு வண்டியைவிட ஒரு சென்டிமீட்டர் மட்டும் கூடுதல் என்றால் அதை நம்பாதே. தூங்குகிற இரண்டு குழந்தைகளோடு அரைத் தூக்கத்தில் தள்ளிக்கொண்டு வருகிறவளுக்கு ஒரு சென்டிமீட்டர் போதாது.

அளந்து பார்த்து நுழையாது என்று தெரிந்தால் வருத்தப்படாதே, இரண்டாவது வண்டியை வாங்கு. ஆனால் அதில் நான் பட்ட இரண்டு பாடுகளைத் தெரிந்துகொள். நடைபாதை மேட்டில் ஏற்றும்போது கைப்பிடியை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கவேண்டும். முன்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் அந்த எடை முழுவதையும் உன் மணிக்கட்டுதான் தூக்கும். வண்டி நீளமாக இருப்பதால் குறுகலான இடத்தில் திருப்புவதும் சிரமம். இன்னொன்று, ஒருநாள் நான் கைப்பிடியில் கனமான பையை மாட்டிவிட்டு, முன்னால் இருந்த தம்பியை முதலில் தூக்கிவிட்டேன். பின்னால் நீயும் பையும்தான் பாரம், முன்னால் ஒன்றுமில்லை. வண்டி அப்படியே பின்பக்கம் சாய்ந்துவிட்டது. பெல்ட் போட்டிருந்ததால் நீ இருக்கையை விட்டு நழுவவில்லை, அடியும் படவில்லை. கைப்பிடி தரையில் மோதின சத்தத்துக்குத்தான் அழுதாய். எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகு நேரமானது. எந்த வண்டியானாலும் சரி, கைப்பிடியில் பை மாட்டாதே. கீழே கூடை இருக்கும், கனமானதெல்லாம் அதற்குள் போகட்டும். முன்னும் பின்னுமான வண்டி என்றால் பின்னால் இருக்கும் குழந்தையை முதலில் தூக்கு.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது. இருக்கை முழுசாகப் படுக்கை மாதிரி தட்டையாகச் சாய வேண்டும், இரண்டு இருக்கையுமே. இரட்டையர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 37 வாரம் முடியும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் வந்தீர்கள். கழுத்து நிற்காத குழந்தையைச் சாய்வாக உட்கார வைத்தால் தலை முன்னால் விழுந்து தாடை நெஞ்சில் முட்டும். மூச்சுக்குழாய் சின்னது, அந்த நிலையில் நெருங்கிப்போகும். அழக்கூட மாட்டார்கள், அதுதான் பயம். அதனால் தானாக உட்காரும் வரை, அதாவது ஏறக்குறைய ஆறு மாதம், அவர்கள் மல்லாந்து தட்டையாகப் படுத்துத்தான் வரவேண்டும். சில வண்டிகளில் ஒரு இருக்கைதான் முழுசாகப் படுக்கும், மற்றது பாதி சாயும். மூத்தது ஒன்றும் கைக்குழந்தை ஒன்றும் இருக்கிற வீட்டுக்கு அது போதும், உனக்குப் போதாது. கார் சீட்டையே வண்டியில் மாட்டலாம் என்று விளம்பரத்தில் காட்டுகிறார்கள். காரிலிருந்து இறங்கிப் பத்து நிமிட வேலைக்கு அது சரி. மணிக்கணக்கில் தூங்க வைக்க அது வேண்டாம்.

உன் நாத்தனாருக்கு இரண்டரை வயதுப் பையனும் கைக்குழந்தையும் இருக்கிறார்களே, அவளும் இரட்டை வண்டிதான் தேடுகிறாள் என்றாய். அவளிடம் சொல், ஒற்றை வண்டிக்குப் பின்னால் மாட்டுகிற சக்கரப் பலகை கிடைக்கிறது. பெரியவன் அதில் ஏறி நின்றுகொள்வான். அந்த வயதில் பாதி வழி நடப்பான், மீதி வழிக்குத்தான் வண்டி வேண்டும். அவன் எடையைப் பலகை தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

கடையில் வண்டியைக் காலியாகத் தள்ளிப் பார்த்து ஏமாறாதே. காலி வண்டி எல்லாமே வெண்ணெய் மாதிரிதான் ஓடும். இரட்டை வண்டியே பெரும்பாலும் 12 கிலோவுக்குக் குறையாது, பல 15 கிலோவைத் தாண்டும். ஒரு வயதில் ஒவ்வொரு குழந்தையும் 9, 10 கிலோ வந்துவிடும். பையையும் சேர்த்தால் 35, 40 கிலோவை நீ தள்ளுகிறாய். அதனால் கனமான பைகளை இரண்டு இருக்கையிலும் வைத்துத் தள்ளிப் பார். ஒரு கையால் திருப்பிப் பார். ஒரு பையை எடுத்துவிட்டு மறுபடியும் தள்ளு. பக்கவாட்டு வண்டி கொஞ்சம் ஒரு பக்கமாக இழுக்கும். ரொம்ப இழுத்தால் அந்த வண்டி வேண்டாம். முன் சக்கரம் சின்னதாக இருந்தால் கல்லில் மாட்டும். காற்றடிக்கிற டயர் மேடுபள்ளத்தில் சுகமாக ஓடும், ஆனால் பஞ்சர் ஆகும். தினமும் மோசமான தரையில் போகவேண்டியதில்லை என்றால் காற்றில்லாத டயரே நல்லது.

பிரேக் ஒரே மிதியில் இரண்டு பக்கச் சக்கரத்தையும் பூட்டவேண்டும். வண்டி நின்றதும் முதலில் கால் பிரேக்குக்குப் போகட்டும், அப்புறம் கை குழந்தைக்குப் போகட்டும். பெல்ட் தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவே ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கிற மாதிரி இருக்கவேண்டும்.

வண்டியை மடக்குவது பற்றி ஒரு கதை சொல்கிறேன். உனக்கும் பிடிக்கும். ஓவன் மக்லாரன் என்று ஓர் இங்கிலாந்துக்காரர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரக் கால்களில் வேலை செய்த பொறியாளர். அவர் மகள் பேரக்குழந்தையோடு விமானத்தில் வந்தபோது, கனமான வண்டியைத் தூக்கிக்கொண்டு படாத பாடு பட்டாளாம். தாத்தா அதைப் பார்த்துவிட்டு, 1965-ல் குடை மாதிரி மடங்குகிற, சுமார் 3 கிலோ எடையுள்ள அலுமினிய வண்டி ஒன்றை வடிவமைத்தார். இன்று நாம் பார்க்கிற லேசான வண்டிகளெல்லாம் அதன் வழி வந்தவைதான். மகள் கஷ்டப்படுவதைப் பார்த்த அப்பா வேறு என்ன செய்வார்? எனக்கு அவர் அளவுக்குப் பொறியியல் தெரியாது. தெரிந்ததை எழுதுகிறேன்.

இரட்டை வண்டி அவ்வளவு லேசாக மடங்காது. கடையில் நீயே மடக்கிப் பார். மாப்பிள்ளை மடக்கிக் காட்டினால் போதாது, பகலில் தனியாக இருக்கப்போவது நீ. மடக்கினபின் கார் டிக்கியில் நுழைகிறதா என்று வெளியே வந்து வைத்தே பார்த்துவிடு. மடிப்பு மூட்டுகளில் சின்ன விரல் சிக்கினால் நசுங்கிப்போகும். குழந்தைகள் நடக்க ஆரம்பித்ததும், வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் இரண்டு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கையை வைக்கவேண்டும்.

வெயிலுக்கு ஒவ்வொரு இருக்கைக்கும் தனித்தனிக் கூரை இருக்கட்டும். ஒருத்தி தூங்குவாள், இன்னொருத்தி வேடிக்கை பார்ப்பாள். (பெண் குழந்தைகள் என்று நானே முடிவு செய்துவிட்டேன் பார்.) கூரை போதவில்லை என்று மேலே துணியைப் போர்த்திவிடாதே. மெல்லிய துணியானாலும் காற்று நின்றுபோய் உள்ளே சீக்கிரம் சூடேறிவிடும். கொசுவலை போடலாம், அதில் காற்று போகும்.

யாரோ பயன்படுத்திய வண்டி கிடைக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். தாராளமாக வாங்கலாம். பிரேக், பெல்ட் கொக்கி, விரித்தபின் பூட்டிக்கொள்கிற இடம், இந்த மூன்றையும் நீயே தொட்டுப் பார். புதியது என்றால் ஐரோப்பாவின் இ.என். 1888, அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப்833 மாதிரியான பாதுகாப்புத் தர எண் ஏதாவது அச்சிட்டிருக்கிறதா என்று பார்.

முன்னும் பின்னுமான வண்டியைத்தான் வாங்கவேண்டி வந்தால், ஒன்று மட்டும் செய். குழந்தைகள் உட்கார ஆரம்பித்ததும் காலையில் ஒருத்தி முன்னால், சாயங்காலம் மற்றவள் முன்னால் என்று முதல் நாளிலிருந்தே மாற்று. எந்த இருக்கை எவ்வளவு எடை தாங்கும் என்று கையேட்டில் இருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள். யார் அழுகிறாள் என்று பார்த்து முடிவு செய்யாதே.

நாளைக் காலையில் மாப்பிள்ளையைக் கதவை அளந்து பார்க்கச் சொல். வாசல், லிஃப்ட், டாக்டர் அறை, மூன்று எண்களையும் எனக்கு அனுப்பு. முதல் படத்தில் உள்ள வண்டியின் பின் சக்கர அகலத்தையும் விற்பவரிடம் கேட்டு வை. எண்கள் வந்ததும் நான் போன் செய்கிறேன்.

அன்புடன்,
அப்பா