மூன்று டிரம்பெட் மாதிரி

நியூ ஆர்லியன்ஸ்
செப்டம்பர் 15, 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் காது, அம்மாவின் முழங்கால், இரண்டின் நலமும் அறிய ஆவல்.

புதன்கிழமைப் புயலை டிவியில் பார்த்துப் பயந்திருப்பீர்கள். ஃபிரான்சின் என்று பெயர். எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது, ஒரு ராத்திரி கரண்ட் இல்லை, அவ்வளவுதான். நான் அப்போது வீட்டிலேயே இல்லை. புயல் என்றால் நர்சுகள் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட வேண்டும். இரண்டு நாள் பெஞ்சில் தூங்கி எழுந்து வந்தேன். இப்போது வெயில் அடிக்கிறது, துணி காய்கிறது.

போனில் பேசிவிடலாம்தான். ஆனால் போன தடவை "மியூசியத்தில் பாட்டு கேட்டேன்" என்று நான் சொல்ல, "மியூசியத்தில் பாட்டியா?" என்று நீங்கள் கேட்க, அம்மா சிரித்துச் சிரித்துப் போனையே வைத்துவிட்டாள். இருபது வருஷம் ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் நின்று டிரம்பெட் ஊதியவரின் காது, அதைக் குறை சொல்ல முடியாது. காது மெஷின் பேச்சைக் கொண்டுவருகிறது, பாட்டைத் தகரமாக்கிவிடுகிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அதனால் அந்தப் பாட்டுக் கதையை எழுதியே அனுப்புகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

இந்த ஊர் விமான நிலையத்துக்கு லூயி ஆம்ஸ்ட்ராங் பெயர் என்று முன்பே சொன்னேனா? தலைவர் இல்லை, ராஜா இல்லை, டிரம்பெட் வாசிப்பவர். இங்கேதான் 1901இல் பரம ஏழையாகப் பிறந்தார். ஆனால் 1956இல் இந்த லூசியானா மாநிலம், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அவருடைய குழுவில் இருவரும் உண்டு. அப்படியென்றால் எனக்கு இந்த ஊரே வேண்டாம் என்று 1965 வரை அவர் சொந்த ஊரில் வாசிக்கவில்லை. விமான நிலையத்துக்குப் பெயர் வைத்தது 2001இல், அவர் இறந்து முப்பது வருஷம் கழித்து. மரியாதை லேட்டாக வருவது நம் ஊர் வித்வான்களுக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

சரி, மியூசியம். இங்கே இரண்டாம் உலகப் போருக்கென்றே தேசிய மியூசியம் ஒன்று இருக்கிறது. வாஷிங்டனில் இருக்க வேண்டியது இங்கே ஏன் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. காரணம் ஒரு படகு. ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் என்பவர் லூசியானா சதுப்பு நிலத்தில் எண்ணெய் தேடுபவர்களுக்காக, ஆழமே இல்லாத தண்ணீரிலும் போகும் படகுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். போர் வந்ததும் அதே படகு ராணுவத்துக்கு மாறியது. பலகையில் செய்த 36 அடிப் படகு. 36 பேரை ஏற்றிக்கொண்டு கரையில் மோதியதும் முன்பக்கக் கதவு அப்படியே கீழே விழும், சிப்பாய்கள் ஓடி இறங்குவார்கள். 1944 ஜூன் 6 அன்று ஹிட்லரின் படைகளை விரட்ட பிரான்ஸ் நாட்டு நார்மண்டிக் கரையில் இறங்கியதும் இந்தப் படகுகளில்தான். அந்த நாளின் நினைவாக 2000 ஜூன் 6 அன்று மியூசியத்தைத் திறந்தார்கள். இப்போது ஒரு சின்னக் காலேஜ் அளவுக்குக் கட்டடங்கள். நான் செயின்ட் சார்ல்ஸ் டிராமில் போய், கொஞ்ச தூரம் நடந்தேன்.

உள்ளே 'ஸ்டேஜ் டோர் கேன்டீன்' என்று ஓர் அரங்கம். கேன்டீன் என்றதும் நான் டீ, பஜ்ஜி என்று நினைத்துக்கொண்டேன். இங்கே சாப்பாட்டு மேஜைகள் போட்டு எதிரே மேடை. பெயர் நியூயார்க்கிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் அங்கே நாடகக்காரர்கள் சேர்ந்து, 44ஆம் தெருவில் ஒரு தியேட்டரின் அடித்தளத்தில் இதே பெயரில் ஓர் இடம் திறந்தார்கள். கப்பல் ஏறப் போகும் சிப்பாய்க்குச் சாப்பாடு, பாட்டு, நடனம் எல்லாம் இலவசம், சாராயம் மட்டும் கிடையாது. பெரிய நடிகைகளே பரிமாறினார்களாம். நம் ஊரில் அப்படி ஒரு காட்சியை யோசித்துப் பாருங்கள். பட்டாளத்துப் பையனுக்கு சினிமா நடிகை வந்து சாம்பார் ஊற்றினால் அவன் சாப்பிடுவானா?

பாடியவர்கள் மூன்று பெண்கள். விக்டரி பெல்ஸ் என்று குழுவின் பெயர். முடியை முன்நெற்றிக்கு மேல் இரண்டு சுருளாகச் சுருட்டி, சிவப்பு உதட்டுச் சாயம், பட்டாளத்து உடுப்பு மாதிரி ஒரே மாதிரி தைத்த சட்டை. போர்க்காலத்தில் நைலான் எல்லாம் பாராசூட்டுக்குப் போய்விட்டதால், கால் உறை கிடைக்காத பெண்கள் கெண்டைக்காலில் புருவ மையால் தையல் கோடு மட்டும் வரைந்துகொள்வார்களாம். தங்கச்சியிடம் சொல்லுங்கள், சிரிப்பாள்.

இப்போது உங்களுக்கான இடம். நம் ஊரில் மூன்று பேர் சேர்ந்து பாடினால் மூன்று பேரும் ஒரே ஸ்வரம். இவர்கள் அப்படி இல்லை. ஒருத்தி 'ஸ'வில் நின்றால் ஒருத்தி 'க'வில், ஒருத்தி 'ப'வில். மெட்டு ஏறும்போது மூன்றும் விலகாமல் ஏறுகின்றன, இறங்கும்போது விலகாமல் இறங்குகின்றன. கைகோர்த்துக்கொண்டு மூன்று பேர் குளத்துப் படியில் இறங்குவது மாதிரி. வார்த்தை முடியும் இடத்தில் மூன்று வாயும் ஒரே நொடியில் மூடுகின்றன. எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? கோயில் கொடைத் திருவிழாவில் நள்ளிரவு தாண்டிக் கூட்டம் தூங்கி வழியும்போது, நீங்களும் சித்தப்பாவும் அந்தத் தூத்துக்குடிக்காரரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று மூன்று டிரம்பெட்டையும் தூக்கி ஊதுவீர்களே, அது. பின்வரிசையில் சுருண்டு படுத்த கிழவிகூட எழுந்து உட்காருவாள். அதே சத்தத்தை இவர்கள் தொண்டையிலேயே செய்துவிடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதை நினைத்துக்கொள்ளுங்கள், நான் கேட்டது உங்களுக்கும் கேட்டுவிடும்.

இது ஆண்ட்ரூஸ் சகோதரிகளின் பாணி. மினியாபொலிஸில் பிறந்த மூன்று அக்கா தங்கைகள், அந்தப் போர்க்காலத்தில் இவர்கள் பாடாத பட்டாள முகாம் குறைவு. அவர்களோ பாஸ்வெல் சகோதரிகளைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டவர்கள். பாஸ்வெல் சகோதரிகள் வளர்ந்தது எங்கே? இதே நியூ ஆர்லியன்ஸில்.

நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். பேண்டு யார்? பேண்டு இல்லை அப்பா. நான் போன அன்று டிராக்தான். குரல் மட்டும் நேரடி, மற்றதெல்லாம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. வேறு நாட்களில் சாக்ஸபோன், டிராம்போன் எல்லாம் உட்காரும் பெரிய பேண்டு உண்டாம். எனக்கு வாய்த்தது மதியச் சாப்பாட்டுக் காட்சி. டிராக் என்றதும் உங்கள் முகம் சுருங்குவது இங்கிருந்தே தெரிகிறது. கீபோர்டு ஒன்று வந்து, ஒரே விரலில் மூன்று டிரம்பெட் சத்தத்தையும் கொடுத்த வருஷம்தானே உங்களைக் கொடைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

அதனால்தான் அடுத்த கதையை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஓடிவந்தேன். போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1942 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்க வாத்தியக்காரர்கள் சங்கம் இனி ரிக்கார்டுக்கு வாசிக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தது. தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. சின்ன வயதில் அவரும் டிரம்பெட் வாசித்தவர்தான்! காசு போட்டால் ரிக்கார்டு பாடும் பெட்டி ஓட்டலுக்கு ஓட்டல் வந்துவிட்டது, ரேடியோவும் ரிக்கார்டையே போடுகிறது, நாங்கள் வாசித்த ரிக்கார்டே எங்கள் சோற்றில் மண்ணைப் போடுகிறது என்பது அவர்கள் வாதம். பாட்டுக்காரர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. அதனால் கம்பெனிகள் வாத்தியமே இல்லாமல், பின்னால் பத்துப் பேரை "ஊ... ஆ..." என்று இசைக்க வைத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தன. வாத்தியத்துக்குப் பதில் மனிதர்! போர் நேரத்தில் இப்படிச் செய்யலாமா என்று ஊரே திட்டியது. பெட்ரில்லோ அசையவில்லை. 1943 செப்டம்பரில் டெக்கா கம்பெனி இறங்கி வந்தது. நம் வீட்டு ரிக்கார்டில் இருக்கிற அதே நாய் மார்க் போட்ட விக்டரும், கொலம்பியாவும் 1944 நவம்பரில்தான் வந்தன. ரிக்கார்டு விற்பதில் ஒரு பங்கு சங்கத்து நிதிக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தப் பணத்தில் வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராக இலவசக் கச்சேரி நடத்தினார்கள்.

உங்கள் குழுவுக்கும் ஒரு பெட்ரில்லோ இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் கொடைக் கமிட்டிக்காரர்கள் கேட்டிருக்க மாட்டார்கள், அது வேறு.

சிப்பாய்களுக்காக மட்டும் சங்கம் ஒரு விதிவிலக்கு கொடுத்தது. கடையில் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ராணுவமே 'வி டிஸ்க்' என்று தட்டுகள் போட்டுக் கடல் கடந்து அனுப்பியது. இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் காலத்து ரிக்கார்டெல்லாம் அரக்கில் செய்தது. அரக்கு போனது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. போரில் கப்பல் வரத்துக் குறைந்ததும் இங்கே அரக்குப் பஞ்சம். பழைய ரிக்கார்டைக் கொண்டுவந்து கொடுங்கள், உருக்கிப் புதிது போடுகிறோம் என்று வீடு வீடாக வாங்கினார்கள். வி டிஸ்க்கைப் பிளாஸ்டிக்கில் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம், கீழே போட்டால் உடையாது என்பது இன்னொன்று. தாத்தாவின் ரிக்கார்டை நான் உடைத்ததற்கு அன்று முதுகில் வாங்கினேனே, அது பிளாஸ்டிக்காக இருந்திருக்கலாம்.

நிகழ்ச்சியின் நடுவில் தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று ஒவ்வொரு படையின் பாட்டாகப் பாடினார்கள். தன் படையின் பாட்டு வந்ததும் அதில் இருந்தவர்கள் எழுந்து நிற்கிறார்கள். என் மேஜையில் ஒரு பெரியவர் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி எழுந்தார். இரண்டாம் உலகப் போரா என்று கேட்டேன். "நான் கொரியா. அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்" என்றார். பாடியவர்களில் ஒருத்தி கீழே இறங்கி வந்து அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சிவப்பு முத்திரை விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்து மியூசியக் கடையில் அவரைப் பார்த்தேன், துடைக்கவே இல்லை. அவர் மனைவி என்னைப் பார்த்து, "ராத்திரி குளிக்கவும் மாட்டார்" என்றாள்.

எல்லாம் இனிப்பாகவே இருந்தது. அதுதான் எனக்குக் கொஞ்சம் இடறியது. அரங்கத்தை விட்டு அடுத்த கட்டடத்துக்குப் போனால் அங்கே வேறு சத்தம். நியூயார்க் கேன்டீனில் கறுப்பு சிப்பாயும் வெள்ளைக்காரப் பெண்ணும் சேர்ந்து ஆடலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் அதே சிப்பாய் இந்த ஊருக்கு வந்தால் நான் ஏறி வந்தேனே அந்த டிராமில், பின்னால் தனி இடத்தில்தான் உட்கார வேண்டும். 1958 வரை அப்படித்தான். ராணுவத்திலும் கறுப்பர் படை தனி, வெள்ளையர் படை தனி. பிரிவினை கூடாது என்று அதிபர் ட்ரூமன் உத்தரவு போட்டது 1948இல், போரெல்லாம் முடிந்த பிறகு. மேடைப் பாட்டில் இதெல்லாம் வராது. கொடையில் நீங்கள் சாமி பாட்டில் தொடங்கி எம்ஜிஆர் பாட்டுக்குப் போவீர்களே தவிர, ஊர்ச் சண்டையை யாராவது பாடினீர்களா? அந்த மூன்று பெண்களைக் குறை சொல்லவில்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தேன், சாப்பிட்டது தொண்டையிலேயே நின்றது.

கிளென் மில்லர் என்று ஒருவர், டிராம்போன்காரர், அன்றைக்கு இங்கே அவர் குழுதான் உச்சம். அதை விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்து ராணுவ பேண்டு நடத்தினார். 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குச் சின்ன விமானத்தில் கிளம்பியவர் திரும்பவே இல்லை. அந்த நாளைய மெட்டு ஒன்று ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு கிழத் தம்பதி நாற்காலிகளுக்கு நடுவே எழுந்து ஆடினார்கள். அவர் ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வாங்கினார். அந்த அம்மா விடவில்லை.

இனி வேலை விஷயம். பரணில் இருக்கும் டிரம்பெட் பெட்டியைத் தம்பியை விட்டு இறக்கச் சொல்லுங்கள். நடு வால்வு சிக்குகிறது என்றீர்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசுக்காகி இன்னும் இறுகிவிடும். இங்கே வால்வுக்கென்றே எண்ணெய் விற்கிறார்கள், கண் மருந்து பாட்டில் அளவுதான். இரண்டு வாங்கிவைத்திருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் நாகர்கோவில் அக்கா டிசம்பரில் ஊருக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். மூன்று வால்வையும் கழற்றி, பழைய பிசுக்கைத் துடைத்துவிட்டு இரண்டு சொட்டு. உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

அப்புறம் ஒரு பாட்டாவது ஊதுங்கள். எப்படி இருந்தது என்று அம்மா எழுதட்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்