டெண்டரில் எழுதாத பசுமை

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழகங்களில் பசுமை வளாகம் என்றால் மரக்கன்று நடுவதும், கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) குழு வருவதற்குள் பசுமைத் தணிக்கை அறிக்கை தயாரிப்பதும் என்றாகிவிட்டது. மின்கட்டணமும் குப்பையும் முடிவாவது டெண்டர் ஆவணத்தில்.

மின்விசிறியையே எடுத்துக்கொள்வோம். பழைய வகை 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி (BLDC) எனும் தூரிகையில்லா மோட்டார் வகைக்கு 30 வாட் போதும். விடுதி அறையில் நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் ஓடினால் விசிறி ஒன்றுக்கு 135 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 1,080 ரூபாய். கூடுதல் விலை இரண்டு ஆண்டுக்குள் கழிந்துவிடும். ஆனாலும் பழைய வகையே வந்து இறங்குகிறது. கேட்டால், "எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவரை, எடுக்காவிட்டால் ஆடிட்டில் மாட்டுவோம்" என்பார்கள். அது பாதி உண்மைதான். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகள், 2000, கருவிகளின் இயக்க, பராமரிப்புச் செலவையும் சேர்த்து மதிப்பிட இடம் தருகின்றன. அதை டெண்டரில் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவே. அதுகூட வேண்டாம், 'அதிகபட்சம் 35 வாட்' என்று ஒரு வரி எழுதினாலே பழைய வகை போட்டிக்கு வராது.

கூடவே, மின்சுற்றுப் பலகைக்கு 5 ஆண்டு உத்தரவாதம் கேட்க வேண்டும். இவ்வகை விசிறியில் முதலில் போவது அதுதான். சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றும் வேலையையும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு மாட்டினால் விசிறி திணறும், பழி பிஎல்டிசி மேல் விழும். உண்மையான முட்டுக்கட்டை வேறு: விசிறி வாங்கும் பணம் ஒரு கணக்குத் தலைப்பில், மின்கட்டணம் இன்னொரு தலைப்பில். மிச்சம் பிடித்த பிரிவுக்கு ஒரு பைசாவும் திரும்புவதில்லை.

கேன்டீன் ஒப்பந்தத்தை அதிக வாடகை கேட்டவருக்கே தருகிறோம். வாடகையை ஈடுகட்ட அவர் பாத்திரம் கழுவும் ஆட்கூலியைக் குறைப்பார். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தடை இருந்தும் அவை திரும்பி வருவது இதனால்தான். எவர்சில்வர் டம்ளர் என்று விதித்தால் போதாது. கழுவுமிடம், வெந்நீர், கழுவ இரண்டு ஆள் ஆகியவற்றையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

கழித்துக்கட்டிய கணினிகளை மொத்தமாக ஏலம் விடும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி அவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் போன்றவர்களிடமே போக வேண்டும். புதுக் கணினி வாங்கும் டெண்டரிலேயே, விற்பவரே பழையதை எடுத்துக்கொண்டு, முறையாக ஒப்படைத்ததற்குச் சான்று தர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம்.

இந்நிபந்தனைகளை உயர்கல்வித் துறை மாதிரி டெண்டர் ஆவணமாக வெளியிட்டால், கொள்முதல் பிரிவினர் துணிந்து கையெழுத்திடுவார்கள்.

இப்படிக்கு,
மின் பொறியாளர் ஒருவர்,
திருச்சி